உப்பளத்தின் ஒரு மாதக் கணக்கு: பற்று யாருக்கு, வரவு யாருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது. பேச்சில் வாய்வழியாகச் சொன்ன பதிவுகளை இங்கே தனி வரிகளாகக் கொடுத்திருக்கிறோம்.)



சென்னையில இருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆர்ல போனவங்களுக்கு மரக்காணம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா உவர்நீர், ஓரத்துல வெள்ளையா உப்புக் குவியல். நிறைய பேர் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆடிட்டர் ஆபீஸ்ல பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு, இந்தக் கடற்கரையில ஒரு சின்ன உப்பு கம்பெனியோட கணக்கைப் பார்க்க அனுப்பினாங்க. கம்பெனி பேர் வேணாம். எண்களையும் கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன்.

அது பிப்ரவரி மாசம். நான் ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து வவுச்சரைப் புரட்டிட்டு இருந்தேன். வேலை முடிச்சுட்டு வந்த ஒரு அக்கா வாசல்லயே நின்னு கேட்டாங்க: "தம்பி, என் பேர்ல எவ்வளவு நிக்குதுன்னு பாத்துச் சொல்றியா?"

பார்த்தேன். 8,000 ரூபாய் முன்பணம் பாக்கின்னு இருந்தது. அவங்க இடுப்புல இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாங்க, பொண்ணு எழுதிக் கொடுத்ததாம். அதுல 4,500-ன்னு இருந்தது.

வித்தியாசம் 3,500 ரூபாய். வாரம் 500 ரூபாய் கூலியில பிடிக்கிறாங்க. அப்போ அந்த வித்தியாசம், அவங்க ஏழு வாரம் கூடுதலா அடைக்க வேண்டிய கடன். கம்பெனியோட கணக்கோ, கூட்டினா ஒரு ரூபாய் கூட இடிக்காம சரியா வருது. அப்படின்னா யாரு தப்பு?

இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான். ஒரு கம்பெனியோட ஒரு மாச நடவடிக்கைகளை ஜர்னல் என்ட்ரியா, அதாவது குறிப்பேட்டுப் பதிவா எப்படி எழுதுறது? முதல்ல அதைக் கத்துக்குவோம். அக்காவோட கேள்விக்கு விடை கடைசியில அதுக்குள்ளயே இருக்கும்.

மளிகைக் கடையில் இருந்து ஆரம்பிப்போம்

பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்த நிறைய பேருக்கு முதல் வாரத்துலயே ஒரு குழப்பம் வந்திருக்கும். வீட்டுல 'வரவு செலவு'ன்னு சொன்னா, வரவுன்னா பணம் உள்ள வர்றது. புத்தகத்துல பார்த்தா, ரொக்கம் உள்ள வந்தா 'பற்று'ன்னு போட்டிருக்கும்! தலைகீழா இருக்கேன்னு தோணும்.

தலைகீழ் இல்லைங்க. ஒரு மளிகைக் கடையை நினைச்சுப் பாருங்க. அரிசி வாங்கிட்டு, "என் பத்துல எழுதிக்கோங்க அண்ணாச்சி"ன்னு சொல்வாங்க இல்லையா? அந்தப் 'பத்து'தான் பற்று. யார் பெற்றுக்கிட்டாங்களோ அவங்க பேர்ல பற்று. மாசம் பிறந்து காசு கொடுக்கும்போது, "வரவு வச்சுக்கோங்க"ன்னு சொல்வாங்க. யார் கொடுத்தாங்களோ அவங்க பேர்ல வரவு. இவ்வளவுதான் மொத்த விதியும். பெற்றது பற்று, தந்தது வரவு.

இதை மனுஷங்களுக்கு மட்டும் இல்லாம, பணப்பெட்டிக்கும் மோட்டாருக்கும் கூலிக்கும் பொருத்துறாங்க. பணப்பெட்டியையும் ஒரு ஆளா நினைச்சுக்கோங்க. ரொக்கம் வந்தா பெட்டி பெற்றுக்குது, அதனால ரொக்கக் கணக்கு பற்று. ரொக்கம் போனா பெட்டி தருது, அதனால வரவு.

சரி, சம்பளம் வந்ததும் உங்க போனுக்கு 'கிரெடிட்டட்'னு எஸ்.எம்.எஸ் வருதே, அது? அது பேங்க் அவங்களோட புத்தகத்துல எழுதினதை உங்களுக்குச் சொல்றாங்க. உங்க பேர்ல அவங்ககிட்ட பணம் வந்திருக்கு, அதை அவங்க உங்களுக்குத் திருப்பித் தரணும். அதனால அவங்க புத்தகத்துல உங்க பேர் வரவு. உங்க சொந்தப் புத்தகத்துல அதே பணம் 'வங்கி, பற்று'ன்னுதான் வரும். ஒரே பணம், ரெண்டு புத்தகம். எந்தப் புத்தகத்துல எழுதுறோம்ங்கறதை முதல்ல முடிவு பண்ணிக்கணும்.

ஒவ்வொரு நடவடிக்கையிலயும் ஒரு பக்கம் பெறுது, இன்னொரு பக்கம் தருது. அதனால ரெண்டு பக்கமும் எழுதணும். இதுதான் இரட்டைப் பதிவு முறை. 1494-ல வெனிஸ்ல அச்சான லூக்கா பசியோலியோட புத்தகம் இதை விளக்கிப் பேர் வாங்கினது. ஆனா அவர் கண்டுபிடிச்சது இல்லை, வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிட்டு இருந்ததைத்தான் அவர் தொகுத்தார். இன்னைக்கு நம்ம ஊர்ல 2013 கம்பெனிகள் சட்டத்தோட 128-வது பிரிவு, எல்லா கம்பெனியும் இரட்டைப் பதிவு முறையிலதான் கணக்கு வைக்கணும்னு சொல்லுது. அதோட இன்னொரு விஷயமும் சொல்லுது: பணம் எப்போ கைமாறுச்சுன்னு பார்க்காதே, விற்பனையோ வேலையோ எப்போ நடந்ததுன்னு பாரு. இந்த ரெண்டாவது விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

ஒரு செப்டம்பர் மாதம்

மரக்காணத்துல உப்பு வருஷம் முழுக்க விளையாது. வடகிழக்குப் பருவமழை வந்துட்டா பாத்தியெல்லாம் தண்ணி. மழை முடிஞ்சு சேறு வாரி, வரப்பு கட்டி, பாத்தியைச் சீர் பண்ணித்தான் மறுபடி உப்பு எடுக்க முடியும். செப்டம்பர்ங்கறது சீசன் முடியப்போற நேரம். அதனால அந்த மாசக் கணக்குல எல்லா வகையான பதிவும் வரும். ஒரு கற்பனை கம்பெனி வச்சுக்குவோம். விலையெல்லாம் கணக்குக்காக நான் போடுறது, சந்தை விலை இல்லை.

முதல் தேதி. ஒரு மொத்த வியாபாரி, உப்புக்கு முன்பணமா ஒரு லட்சம் ரூபாய் பேங்க்ல போடுறார். உப்பு இன்னும் போகலை.

பற்று: வங்கி 1,00,000
வரவு: வியாபாரி முன்பணம் 1,00,000

இதை விற்பனைன்னு எழுதணும்னு கை துறுதுறுன்னு இருக்கும். எழுதக் கூடாது. உப்பு நம்ம களத்துலயேதான் கிடக்கு. இப்போதைக்கு அவருக்கு நாம ஒரு லட்சம் கடன்பட்டிருக்கோம்.

நாலாம் தேதி. அவருக்கு 80 டன் லாரியில ஏத்தியாச்சு. டன் 2,500-ன்னு 2,00,000 ரூபாய். முன்பணம் போக மீதி அடுத்த மாசம் தருவார்.

பற்று: வியாபாரி முன்பணம் 1,00,000
பற்று: வியாபாரி (வர வேண்டியது) 1,00,000
வரவு: உப்பு விற்பனை 2,00,000

இப்போதான் விற்பனை. ஜி.எஸ்.டி. எங்கேன்னு கேட்பீங்க. உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நல்லா இருக்கு இல்ல? அடுத்த பதிவுல அதோட இன்னொரு முகம் வருது.

எட்டாம் தேதி. உவர்நீர் இறைக்க ஒரு மோட்டார். விலை 50,000, வரி 18 சதவீதம்னு வச்சுக்குவோம், 9,000. கடனுக்கு வாங்கியாச்சு.

பற்று: மோட்டார் 59,000
வரவு: மோட்டார் கடை (கொடுக்க வேண்டியது) 59,000

வேற கம்பெனியா இருந்தா, அந்த 9,000-ஐத் தனியா எழுதி, விற்பனையில வசூலிச்ச வரியில கழிச்சுக்கலாம். நாம விற்கிற பொருளுக்கு வரியே இல்லாததால கழிக்க வழி இல்லை. அந்த 9,000 மோட்டார் விலையோடயே ஒட்டிக்கும்.

இருபதாம் தேதி. மழைக்காலம் வருது, வேலை இருக்காது. பத்து பேருக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் ரொக்கமா முன்பணம்.

பற்று: தொழிலாளர் முன்பணம் 30,000
வரவு: ரொக்கம் 30,000

இது செலவு இல்லை. அவங்க நமக்குத் திருப்பி அடைக்க வேண்டிய பணம். ஒவ்வொருத்தர் பேர்லயும் பேரேட்டுல தனித்தனிப் பக்கம் இருக்கணும். இந்தப் பதிவை மனசுல குறிச்சு வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இருபத்தஞ்சாம் தேதி. ராத்திரி திடீர்னு பலத்த மழை. தார்ப்பாய் விலகி 12 டன் உப்பு கரைஞ்சு போச்சு. எவ்வளவு நட்டம்? டன் 2,500-க்கு வித்திருப்பேனே, அப்போ 30,000-ன்னு முதலாளி சொல்வார். ஆனா விக்காத உப்புக்கு லாபம் எப்படி வரும்? அந்த உப்பு எடுக்க ஆன அடக்க விலை டன்னுக்கு 1,500-ன்னா, நட்டம் 18,000 மட்டும்தான்.

பற்று: மழை நட்டம் 18,000
வரவு: உப்பு இருப்பு 18,000

இந்த நட்டத்தை மீதி உப்போட அடக்க விலையில ஏத்திடலாமேன்னும் ஒரு யோசனை வரும். எப்பவும் சிந்துற, சிதறுற வழக்கமான சேதாரம்னா ஏத்தலாம். இந்த மாதிரி அசாதாரண நட்டத்தைத் தனியாத்தான் காட்டணும்னு கணக்கியல் தரநிலை சொல்லுது.

முப்பதாம் தேதி. கடைசி வாரக் கூலி 36,000 ரூபாய். அக்டோபர் முதல் வாரத்துலதான் கொடுப்போம். பணம் இன்னும் போகலை, ஆனா வேலை நடந்தாச்சு. சட்டம் சொன்ன அந்த ரெண்டாவது விஷயம் இங்கதான் வருது.

பற்று: கூலி 36,000
வரவு: கொடுபட வேண்டிய கூலி 36,000

கடைசியா மோட்டார் தேய்மானம். உப்புக் காத்துல இரும்பு எவ்வளவு நாள் தாங்கும்? அஞ்சு வருஷம்னு வைப்போம், கடைசியில பழைய இரும்பா 5,000 கிடைக்கும். மீதி 54,000-ஐ 60 மாசத்துல வகுத்தா மாசம் 900. முதல் மாசத்தையும் முழுசாவே எடுத்துக்குவோம்.

பற்று: தேய்மானம் 900
வரவு: மோட்டார் 900

ஏழு பதிவு முடிஞ்சது. பற்றுப் பக்கம் கூட்டுங்க: 4,43,900. வரவுப் பக்கமும் அதே 4,43,900.

இதுல கையில வந்த பணம், போன பணம் மட்டும் பார்த்தா ஒரு லட்சம் உள்ள, 30,000 வெளியே. 70,000 மிச்சம், நல்ல மாசம்னு தோணும். ஆனா அந்த ஒரு லட்சமும் மாசம் பிறந்தப்போ கடன். போன 30,000 செலவே இல்லை. கொடுக்க வேண்டிய கூலியும், மழை நட்டமும், தேய்மானமும் பணப்பெட்டிக்குத் தெரியவே தெரியாது. குறிப்பேட்டுக்குத்தான் தெரியும்.

டேலி பயன்படுத்துறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. புத்தகத்துல எல்லாமே ஜர்னல்தான். டேலியில பணம் போனா எஃப்5, வந்தா எஃப்6, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9-ன்னு பிரிச்சிருப்பாங்க. எஃப்7 ஜர்னல்ல வர்றது தேய்மானம், கொடுபட வேண்டிய கூலி மாதிரி பணம் கைமாறாத பதிவுகள். பட்டன் வேற, விதி ஒண்ணுதான்.

அக்காவோட 3,500

இப்போ பிப்ரவரிக்கு வருவோம். அந்த அக்காவோட பக்கத்துல ரெண்டு வரி இருந்தது. நவம்பர்ல 4,500. டிசம்பர் கடைசியில 3,500. ரெண்டுமே முன்பணம், பற்று. அவ்வளவுதான். கீழே எந்த விளக்கமும் இல்லை.

அக்காகிட்ட கேட்டேன். "நவம்பர்ல வாங்குனது கடன்தான் தம்பி, இல்லைங்கல. டிசம்பர்ல ஏழு நாள் சேறு வாரி வரப்பு கட்டுனோம். நாளுக்கு 500. அந்தக் காசையும் கடன்ல சேத்துட்டாங்க போல."

முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கும் ஞாபகம் இல்லை. கணக்கு எழுதினவர், மழைக்காலத்துல ஆட்களுக்குக் கொடுத்த பணம்னா முன்பணம்தானேன்னு பழக்கத்துல எழுதிட்டார். அதே தேதியில, அதே 3,500, இன்னும் பதினோரு பேர் பக்கத்துலயும் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர், 42,000 ரூபாய். சிட்டையைத் தேடிப் பார்த்தோம். அந்த வாரம் ஏழு நாளும் பன்னிரண்டு பேருக்கும் டீ வாங்கின கணக்கு இருந்தது. கடன் வாங்க வந்தவங்களுக்கு யாரும் ஏழு நாள் டீ வாங்கித் தர மாட்டாங்க இல்லையா? முதலாளி ஒத்துக்கிட்டார்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தத் தப்பு எந்தக் கூட்டல்லயும் மாட்டவே மாட்டாது. 'கூலி பற்று, ரொக்கம் வரவு'ன்னு எழுதினாலும் ரெண்டு பக்கமும் சமம். 'முன்பணம் பற்று, ரொக்கம் வரவு'ன்னு எழுதினாலும் ரெண்டு பக்கமும் சமம். இருப்பாய்வு ரெண்டையும் பாஸ் பண்ணிடும். ஆனா முதல்ல எழுதினது, செஞ்ச வேலைக்குக் கூலி. ரெண்டாவது எழுதினது, அவங்க தலையில கடன். கணக்கு சமமா நிக்கிறதும், கணக்கு உண்மையா இருக்கிறதும் வேற வேற.

கம்பெனிக்கும் இதுல நல்லது எதுவும் இல்லை. 42,000 செலவு குறைவாக் காட்டினதால லாபம் அதே அளவு பொய்யா கூடியிருந்தது. வராத பணத்தைச் சொத்துன்னு காட்டிட்டு இருந்தாங்க.

எப்படித் திருத்தினோம்? பழைய வரியை அழிக்கலை. அழிக்கவும் கூடாது. 2023 ஏப்ரல் 1-ல இருந்து கம்பெனிகள் பயன்படுத்துற கணக்கு மென்பொருள்ல, யார் எப்போ எதை மாத்தினாங்கங்கற தடம் அழியாம இருக்கணும்னு விதியே இருக்கு. புதுசா ஒரு பதிவுதான் போட்டோம்:

பற்று: கூலி 42,000
வரவு: தொழிலாளர் முன்பணம் 42,000
(டிசம்பரில் ஏழு நாள் பாத்தி சீரமைத்ததற்குப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த கூலி, தவறுதலாக முன்பணத்தில் எழுதப்பட்டது, இப்போது சரி செய்யப்பட்டது.)

அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற அந்த ஒரு வரியைப் பாருங்க. அதுக்குப் பேர் விளக்கக் குறிப்பு, ஆபீஸ்ல நரேஷன்னு சொல்வோம். பரீட்சையில அரை மார்க்குக்காக எழுதுவோம். வேலைக்கு வந்த பிறகு அவசரத்துல முதல்ல விட்டுட்டுப் போறதும் அதைத்தான். டிசம்பர்லயே யாராவது 'ஏழு நாள் வரப்பு கட்டிய கூலி'ன்னு எழுத முயற்சி பண்ணியிருந்தா, எழுதும்போதே கை நின்னிருக்கும்: அட, இது முன்பணம் இல்லையே!

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடுறேன். 2022-ல இருந்து தமிழ்நாடு அரசு, வேலை இல்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. இதுக்கு கம்பெனியில என்ன பதிவு போடணும்னு கேட்டா, ஒண்ணும் கிடையாது. அரசு தருது, குடும்பம் பெறுது. கம்பெனி அதுல பெறவும் இல்லை, தரவும் இல்லை. அந்தப் பணத்தைக் காட்டி யாரோட முன்பணத்தையும் கழிக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. எந்தப் புத்தகத்துல எழுதுறோம்னு முதல்ல முடிவு பண்ணணும்னு சொன்னேனே, அதோட பயன் இதுதான்.

மூணு கேள்வி

நீங்க அக்கவுண்ட்ஸ் வேலையில இருந்தாலும், ஒரு சின்ன ஸ்டார்ட்அப்புக்கு நீங்களே எக்செல்ல கணக்கு எழுதினாலும், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க. யார் அல்லது எது பெற்றது? யார் அல்லது எது தந்தது? எதுக்காக? முதல் ரெண்டுக்கும் விடை தெரிஞ்சா ரெண்டு பக்கமும் சமமாயிடும். மூணாவதுக்குத் தெரியலைன்னா, பதிவு போடாதீங்க. வவுச்சர் கொடுத்தவங்ககிட்ட எழுந்து போய்க் கேளுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

முடிஞ்சா இன்னொண்ணும் செய்யுங்க. மாசக் கடைசியில, முன்பணம் வாங்கின ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க. பேங்க் நமக்கு எஸ்.எம்.எஸ் அனுப்புது. உப்பளத்துல வேலை செய்யறவங்களுக்கு அந்த வரியை யார் சொல்வாங்க?

அன்னைக்குச் சாயங்காலம் அக்காகிட்ட புதுப் பாக்கியைச் சொன்னேன். 4,500. அவங்க தன் நோட்டைத் திறந்து, அந்த எண்ணுக்குப் பக்கத்துல என்னை ஒரு டிக் போடச் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "மத்த பதினோரு பேர்கிட்டயும் நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

ரெண்டு பேருமே போய்ச் சொன்னோம்.

அடுத்த எபிசோட்ல இந்தப் பதிவுகள் பேரேட்டுக்கு எப்படிப் போகுதுன்னு பார்ப்போம். உங்க ஆபீஸ்ல நரேஷன் இல்லாததால நடந்த குழப்பம் ஏதாவது இருந்தா, கம்பெனி பேர் போடாம எழுதி அனுப்புங்க.